கம்பி பதித்த பள்ளம்

ஸ்டீல் கம்பி பூட்டிய அக்கூஸ்டிக் கிட்டார் ஒன்று. சில வருஷமாகத் தினமும் வாசிக்கப்பட்டு, இப்போது பழுது பார்க்கும் மேசைக்கு வந்திருக்கிறது. கம்பிகளைத் தளர்த்தி ஓரமாக ஒதுக்கிவிட்டு, விளக்கைச் சாய்த்து வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்துப் பார்த்தால், அதன் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கீற்றுகள், அதாவது ஃப்ரெட்டுகள், எல்லாம் ஒரே மாதிரி இருக்காது. முதல் ஃப்ரெட்டில், இரண்டாம் கம்பி போகும் இடத்தில், பிறை வடிவில் ஒரு சின்னக் குழி தெரியும். நகத்தை வைத்து இழுத்தால் தட்டுப்படும். இரண்டாம் ஃப்ரெட்டில் மூன்றாம் கம்பிக்குக் கீழே இன்னொன்று. மூன்றாம் ஃப்ரெட்டில் முதல் இரண்டு கம்பிகளுக்குக் கீழே இன்னும் இரண்டு. ஏழாம் ஃப்ரெட்டைத் தாண்டினால் எல்லாம் கடையில் வாங்கிய நாளில் இருந்த வழவழப்போடு இருக்கும்.

இந்தக் கிட்டாரை வாசித்தவர் யாரென்று தெரியாவிட்டாலும், என்ன வாசித்தார் என்று சொல்லிவிடலாம். சி கார்டிலும் ஏ மைனரிலும் ஆள்காட்டி விரல் போய் உட்காருவது முதல் ஃப்ரெட்டில், இரண்டாம் கம்பியில். ஏ, ஏ மைனர், டி, டி மைனர் நான்கிலும் மூன்றாம் கம்பியை இரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்தியாக வேண்டும். டி கார்டு இரண்டாம் கம்பியையும், ஜி கார்டு முதல் கம்பியையும் மூன்றாம் ஃப்ரெட்டில் பிடிக்கும். ஆக, இவர் பாட்டுக்குப் பின்னணியாகத் திறந்த கார்டுகளை அடித்தவர். கழுத்தின் மேல்பகுதிக்கு அதிகம் போகாதவர். ஒருவேளை இரண்டாம் ஃப்ரெட் மட்டும் ஆறு கம்பிகளுக்குக் கீழேயும் சம ஆழத்தில் பதிந்திருந்தால், எல்லாக் கம்பிகளையும் ஒருசேர அழுத்திப் பிடிக்கும் கேப்போ என்ற கவ்வியை அங்கே மாட்டி, மாட்டியபடியே பெட்டிக்குள் வைத்தவர் என்றும் சேர்த்துச் சொல்லலாம்.

வாசிப்பு இப்படி உலோகத்தில் தடம் விடுவது எப்படி? ஒருவருடைய கிட்டாரில் பத்து வருஷத்துக்குப் பிறகும் பள்ளம் விழாமலிருக்க, இன்னொருவருடையதில் இரண்டே வருஷத்தில் கம்பி இரைய ஆரம்பிப்பது ஏன்? வாசித்த நேரம் மட்டும் இதற்குக் காரணமாக இருந்தால் விஷயம் எளிது. ஆனால் நேரத்தைவிட விரலின் பழக்கத்துக்குத்தான் இதில் பங்கு அதிகம்.

முதலில் உலோகத்தைப் பார்ப்போம். பெரும்பாலான கிட்டார்களில் ஃப்ரெட் கம்பி நிக்கல் சில்வரால் ஆனது. நம் ஊர்ப் பாத்திரக் கடைகளில் பூஜைத் தட்டும் குத்துவிளக்குமாக விற்கும் ஜெர்மன் சில்வரும் இந்தக் குடும்பம்தான். பெயரில்தான் வெள்ளி, உள்ளே துளிகூடக் கிடையாது. ஃப்ரெட்டுக்கு வழக்கமான கலவையில் நூற்றுக்கு 18 பங்கு நிக்கல், 60 பங்குக்கு மேல் செம்பு, மீதி துத்தநாகம். விக்கர்ஸ் அளவுகோலில் இதன் கடினம் சுமார் 200. இதன் மேல் வந்து அழுந்தும் முதல் கம்பியும் இரண்டாம் கம்பியும் கரிமம் மிகுந்த எஃகு. கடினம் ஏறத்தாழ மூன்று மடங்கு.

கம்பிக்கு அவ்வளவு கடினம் வேண்டும். வழக்கமான லைட் செட்டில் முதல் கம்பியின் தடிமன் 0.012 அங்குலம், அதாவது 0.3 மில்லிமீட்டர். அந்த மெல்லிய இழை சுமார் 10 கிலோ இழுவையை இரவும் பகலும் தாங்கி நிற்கிறது. ஆறு கம்பிகளின் இழுவையைக் கூட்டினால் 70 கிலோவுக்கு மேல் போகும். ஃப்ரெட்டுக்கோ நேர் எதிரான தேவை. விரல் பலகையின் வளைவுக்கு ஏற்ப அதை வளைக்க வேண்டும், பலகையில் அறுத்த காடிக்குள் சுத்தியலால் தட்டி இறக்க வேண்டும், அரத்தால் சீவி மட்டப்படுத்த வேண்டும். கைக்கு அடங்கும் உலோகமாக இருந்தால்தான் இத்தனையும் நடக்கும். கடினமான ஒன்றும் மென்மையான ஒன்றும் நாள்தோறும் உரசும்போது தேய்வது எது என்பதில் சந்தேகமில்லை.

இந்த உரசல் நடக்கும் இடம் எவ்வளவு சிறியது என்பதுதான் என்னை எப்போதும் வியக்க வைக்கும் சங்கதி. கம்பி ஓர் உருளை. ஃப்ரெட்டின் உச்சியும் வளைந்திருப்பதால் அது இன்னோர் உருளை. இரண்டு உருளைகள் குறுக்காகத் தொட்டால், கணிதப்படி அவை ஒரே ஒரு புள்ளியில்தான் தொட வேண்டும். உண்மையில் இரண்டும் சற்று நசுங்கி அந்தப் புள்ளி ஒரு சிறு வட்டமாகிறது. அந்த வட்டம் எவ்வளவு பெரிது என்று கணக்கிடும் வழியைத் தந்தவர் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ். பின்னாளில் வானொலி அலைகளைக் கண்டறிந்து, அதிர்வெண்ணின் அலகுக்கே தன் பெயரைக் கொடுத்த அதே ஹெர்ட்ஸ்தான். ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்தி வைத்த கண்ணாடி வில்லைகள் தொடும் இடத்தில் எப்படி உருமாறுகின்றன என்று யோசிக்கப் போய், 1882-ல் வெளியான கட்டுரையில் இதற்கு விடை சொன்னார். அவருடைய சமன்பாட்டில், அரைக் கிலோ எடைக்குச் சமமான சுமை முதல் கம்பியின் வழியாக ஃப்ரெட்டின் மேல் இறங்குவதாக வைத்துக்கொண்டால், தொடும் வட்டத்தின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குதான் வருகிறது. ஒரு தலைமுடியின் தடிமன். அவ்வளவு சின்ன இடத்தில் அரைக் கிலோ இறங்கும்போது அங்கே உண்டாகும் அழுத்தம், நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல் சுமார் 20,000 மடங்கு. நிக்கல் சில்வர் வளைந்து மீளக்கூடிய எல்லையை இது தாண்டிவிடுகிறது.

அதனால்தான் புது ஃப்ரெட்டில் முதல் தடம் சீக்கிரமே விழுந்துவிடுகிறது. குழி விழுந்ததும் அதன் வளைவு கம்பியின் வளைவோடு பொருந்தி, சுமை கொஞ்சம் பரவும். அதன்பின் நடப்பது நசுங்கல் இல்லை, தேய்மானம். தேய்மானத்துக்குரிய விதியை 1953-ல் எழுதியவர் ஜே. எஃப். ஆர்ச்சர்ட் என்ற ஆங்கிலேயர். அது மிக எளிமையானது: தேய்ந்து போகும் உலோகத்தின் அளவு, சுமைக்கும் உரசிய தூரத்துக்கும் நேர் விகிதத்தில் இருக்கும், மென்மையான உலோகத்தின் கடினத்துக்கு எதிர் விகிதத்தில் இருக்கும். கூடவே ஒரு கெழு வரும். இடையில் எண்ணெய்ப் பசை இருக்கிறதா, மணல் இருக்கிறதா என்பதைப் பொறுத்து அது நூறு மடங்கும் ஆயிரம் மடங்கும் மாறும். சுமை, தூரம், கடினம், இடையில் கிடக்கும் அழுக்கு. கிட்டார் வாசிப்பவரின் பாணி என்று நாம் சொல்வது இதில் முதல் இரண்டையும் நேரடியாகத் தீர்மானிக்கிறது.

சுமையை எடுத்துக்கொள்வோம். சுரம் சுத்தமாகக் கேட்க, கம்பி ஃப்ரெட்டைத் தொட்டு நழுவாமல் நின்றால் போதும். அதற்கு மேல் கொடுக்கும் அழுத்தத்தால் இசைக்கு ஒரு பயனும் இல்லை. ஆனால் புதிதாகக் கற்பவர்கள் கம்பி மரத்தில் முட்டும் வரை அமுக்குவார்கள். பயத்தில் கட்டைவிரலும் பின்னாலிருந்து கழுத்தை நெரிக்கும். ஃப்ரெட்டின் உயரம் சுமார் 1 மில்லிமீட்டர். அதற்கு ஒரு சென்டிமீட்டர் பின்னால் விரலை வைத்துக் கம்பியை மரம் வரை இறக்கினால், கம்பி ஃப்ரெட்டின் மேல் பத்துக்கு ஒன்று என்ற சரிவில் மடங்குகிறது. 10 கிலோ இழுவையில் பத்தில் ஒரு பங்கு, ஒரு கிலோ, அந்தத் தலைமுடி அகல வட்டத்தின் மேல் உட்காரும். தொட்டால் போதும் என்று பழகிய கை இதில் சிறு பகுதியைத்தான் கொடுக்கும். ஒரே பாட்டு, ஒரே கிட்டார், ஒரே நேரம். தேய்மானம் மட்டும் பல மடங்கு வேறு. அதோடு அமுக்கி வாசிக்கிறவரின் சுருதியும் சற்று ஏறியே நிற்கும், ஏனென்றால் கம்பி கீழே இழுபட இழுபட இறுகுகிறது. தேய்மானத்தைக் கண்ணால் பார்க்க வருஷங்கள் ஆகும்; சுருதி ஏறுவதை இன்றைக்கே ட்யூனரில் பார்க்கலாம்.

வலக்கைக்கும் இதில் பங்கு உண்டு. தடித்த பிக்கால் ஓங்கி அடிக்கும்போது கம்பி அகலமாக ஆடும். ஆடும் கம்பி, ஃப்ரெட்டின் உச்சியில் கண்ணுக்குத் தெரியாத அளவில் முன்னும் பின்னும் நழுவும். ஒவ்வொரு நழுவலும் அற்பம். ஆனால் அது ஒரு நொடிக்கு நூற்றுக்கணக்கில் நடக்கிறது.

இப்போது தூரம். கம்பியை நேராக அழுத்தி எடுத்தால் ஃப்ரெட்டின் மேல் அது நகரும் தூரம் மில்லிமீட்டரின் சிறு பின்னம். அதே கம்பியைப் பக்கவாட்டில் தள்ளி ஒரு முழு சுரம் ஏற்றினால், அது அரை சென்டிமீட்டருக்கு மேல் ஃப்ரெட்டைத் தேய்த்துக்கொண்டு போய், அதே தூரம் திரும்பி வரும். ப்ளூஸ் வாசிப்பவர்களின் கிட்டாரில் ஃப்ரெட்டுகள் வேறு விதமாகத் தேய்வது இதனால்தான். குழிக்குப் பதில் உச்சி முழுதும் சீவிவிட்டதுபோல் தட்டையாகியிருக்கும், அதுவும் கழுத்தின் நடுப்பகுதியில்.

பக்கவாட்டு இழுவை என்றதும் நமக்கு வீணை நினைவுக்கு வரும். ஒரே மெட்டில், அதாவது வீணையின் ஃப்ரெட்டில், விரலை நிறுத்தித் தந்தியை இழுத்தே அடுத்தடுத்த சுரங்களைக் கொண்டுவரும் கருவி அது. இருபத்து நான்கு மெட்டுகளும் மெழுகுக் கட்டின் மேல் எழும்பி நிற்பதால் விரலுக்குக் கீழே மரம் தடுக்காது. கமகம் இழைய இழையத் தந்தி மெட்டில் தடம் பதிக்கும். மெழுகும் நாளாவட்டத்தில் தளரும். மேளம் கட்டுவது என்று தஞ்சாவூர் வீணைக் கலைஞர்கள் சொல்லும் வேலையில், பழைய மெழுகை எடுத்துவிட்டு மெட்டுகளைச் சுரத்தானத்துக்குச் சரியாக மறுபடி பதிக்கிறார்கள். மெட்டு தேயும், அதை மாற்ற வேண்டும் என்று எதிர்பார்த்தே அமைந்த கருவி வீணை. ஐரோப்பாவின் பழைய லூட்டும் அப்படித்தான். அதில் ஃப்ரெட் என்பது கழுத்தைச் சுற்றிக் கட்டிய நரம்பு. தேய்ந்தால் அவிழ்த்துவிட்டு வேறு கட்டிக்கொள்வார்கள்.

வீணையின் இந்த இழுவையைக் கிட்டாருக்குக் கொண்டுவந்தவர் ஜான் மெக்லாக்லின் என்ற கிட்டார் கலைஞர். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை படித்தவர். 1970களின் நடுவில் எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோரோடு சக்தி குழுவில் அவர் வாசித்தது தனியாகச் செய்வித்த கிப்சன் ஜே-200 அக்கூஸ்டிக். சுருதிக்கென்று தனிக் கம்பிகள் குறுக்கே ஓடும் அந்தக் கிட்டாரில், ஃப்ரெட்டுகளுக்கு இடையிலுள்ள மரத்தை வாய்க்கால் மாதிரிக் குடைந்துவிட்டிருந்தார்கள். விரல் நுனி மரத்தில் உராயாமல் கம்பியை மட்டும் பிடித்து இழுக்க இந்த ஏற்பாடு. கமகத்துக்கு இது பெரிய வசதி. ஆனால் ஆர்ச்சர்டின் விதியில் வைத்துப் பார்த்தால் கையை மிகவும் கட்டுப்படுத்தச் சொல்லும் ஏற்பாடும்கூட. மரம் தடுக்காததால் எவ்வளவு ஆழத்துக்கும் அமுக்கலாம், அதனால் சுமை கூடும். எவ்வளவு தூரமும் இழுக்கலாம், அதனால் உரசல் கூடும். தொட்டால் போதும் என்ற பழக்கம் இல்லாத கைக்கு இந்த மாதிரிக் கழுத்து ஆகாது.

எல்லாக் கம்பியும் ஒரே மாதிரி தேய்ப்பதில்லை. கீழ்ஸ்தாயிக் கம்பிகளில் எஃகின் மேல் பாஸ்பர் வெண்கலம் சுற்றியிருக்கும். நூற்றுக்கு 92 பங்கு செம்பு, 8 பங்கு வெள்ளீயம். இது ஃப்ரெட்டைவிட அப்படியொன்றும் கடினமானதில்லை, அதனால் தானும் தேயும். கழற்றிய பழைய நான்காம் கம்பியின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். ஃப்ரெட் இருந்த இடத்திலெல்லாம் சுற்று தட்டையாகி, சிறு சிறு வெட்டாகத் தட்டுப்படும். ஃப்ரெட்டின் பக்கமோ, சுற்றின் இழைகள் பதிந்து அரத்தின் பல்வரிசை போலக் கோடுகள் விழுந்திருக்கும். சுற்றில்லாத மெல்லிய எஃகுக் கம்பிகள் தாங்கள் தேயாமல் ஃப்ரெட்டைத் தேய்ப்பவை. ஆழமான பள்ளங்கள் எப்போதும் அவற்றின் பக்கம் இருப்பதன் காரணம் இதுதான்.

அழுக்கு என்று சொன்னேனே, அதைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. கிணற்றடிக் கல்லில் கயிறு அறுத்த தடத்தைப் பார்த்திருப்பீர்கள். கயிறு கல்லைவிட மென்மையானது. கல்லை அறுத்தது கயிற்றோடு ஒட்டி வந்த மணல். கம்பியில் படியும் தூசியும் துருவும் அதே வேலையைச் செய்கின்றன. துரு என்பது இரும்பின் ஆக்சைடு. மெருகு போடும் பொடியாகவே பயன்படுகிற பொருள் அது. கடற்கரை ஊர்களின் உப்புக் காற்றும் வியர்வையும் சேர்ந்தால் சுற்றில்லாத கம்பிகள் சில வாரங்களிலேயே கறுத்துச் சொரசொரப்பாகும். அந்தக் கம்பியோடு இழுத்து வாசிப்பது, ஃப்ரெட்டின் மேல் உப்புத்தாள் போடுவதற்குச் சமம்.

நைலான் கம்பி பூட்டிய கிளாசிக்கல் கிட்டார்கள் இந்தத் தொல்லையிலிருந்து பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நரம்புக்குத் தட்டுப்பாடு வர, ஆல்பர்ட் அகஸ்டின் என்ற கருவி செய்பவர் நியூயார்க்கில் நைலான் இழையை முயன்று பார்த்தார். கிட்டார் கலைஞர் ஆந்த்ரேஸ் செகோவியா அதை மேடைக்குக் கொண்டுபோனார். நைலான் மெத்தென்று விரிந்து தொடுவதால் அழுத்தம் பரவிவிடும். கிளாசிக்கல் வாசிப்பின் அசைவும் கம்பியின் நீளவாக்கில் இருப்பதால் உரசும் தூரம் குறைவு. பாடகர் வில்லி நெல்சன் டிரிக்கர் என்று பெயரிட்ட கிட்டார், 1969-ல் வாங்கிய மார்ட்டின் என்-20. நைலான் கம்பிக் கிட்டாரான அதைப் பிக்கால் வாசித்து வாசித்து, கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜுக்கும் ஒலித்துளைக்கும் நடுவே மேல்பலகையிலேயே ஓட்டை விழுந்துவிட்டது. இடக்கைப் பக்கம் கம்பி மென்மையாக இருந்தாலும், வலக்கை தன் தடத்தை மரத்தில் விட்டுவிட்டது. கண்ணாடிக் குழாயை விரலில் மாட்டி ஸ்லைடு வாசிப்பவர்களுக்கு ஃப்ரெட் வெறும் அடையாளக் கோடு. குழாய் அதைத் தொடுவதே இல்லை.

தேய்ந்தால் காதில் என்ன கேட்கும்? முதலில் இரைச்சல். குழிக்குள் இறங்கிய கம்பிக்கு அடுத்த ஃப்ரெட் மேடாகிவிடுவதால் அதில் உரசும். இரண்டாவது, சுருதி. கூம்பிய உச்சியில் ஒரு புள்ளியில் தொட்டு நின்ற கம்பி, தட்டையான ஃப்ரெட்டில் பிரிட்ஜ் பக்கத்து விளிம்பிலிருந்து கிளம்பும். கம்பியின் நீளம் 645 மில்லிமீட்டர் உள்ள கிட்டாரில், பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் இது அரை மில்லிமீட்டர் மாறினால், அரைச்சுரத்தை நூறாக வகுத்ததில் ஏறத்தாழ 3 பங்கு சுருதி ஏறும். தனிச் சுரத்தில் யாருக்கும் தெரியாது. கார்டில் ஒவ்வொரு கம்பியும் ஒவ்வோர் அளவு மாறி நிற்கும்போது ட்யூனர் சரி என்று சொன்னாலும் காது ஒப்பாது. மூன்றாவதாக, அகலத் தட்டையான ஃப்ரெட்டில் சில சமயம் சிதார் சாயலில் ஒரு ரீங்காரம் எழும். ஆடும் கம்பி அந்தப் பரப்பை விட்டுவிட்டுத் தொடுவதால் வருவது. தம்புராவிலும் வீணையிலும் பிரிட்ஜின் பரப்பை வளைவாக அமைத்து நம்மவர்கள் வேண்டுமென்றே வரவழைத்த நாதம் இது. சி. வி. ராமன் 1921-ல் இந்தக் கருவிகளைப் பற்றி எழுதிய கட்டுரையில், அந்த வளைவான பிரிட்ஜால்தான் கம்பியிலிருந்து வழக்கமான விதிக்கு அடங்காத மேற்சுரங்கள் கிளம்புகின்றன என்று காட்டினார். அங்கே அது அழகு. கிட்டாரில், கேட்காமல் வந்தால், கோளாறு.

சரிசெய்யும் வேலை பொறுமையானது. நேரான நீண்ட அரத்தால் எல்லா ஃப்ரெட்டுகளையும் பள்ளத்தின் அடிமட்டத்துக்குச் சீவுவார்கள். பிறகு குழிந்த அரத்தால் ஒவ்வொன்றின் உச்சியையும் மறுபடி கூம்ப வைத்து, மெல்லிய உப்புத்தாளில் மெருகேற்றுவார்கள். ஒரு மில்லிமீட்டர் உயரத்தில் இதை இரண்டு மூன்று முறைதான் செய்ய முடியும். அதற்குப் பிறகு ஃப்ரெட்டைச் சூடுகாட்டிப் பிடுங்கிப் புதிது பதிக்க வேண்டும். பெரும்பாலும் முதல் ஐந்தாறை மட்டும் மாற்றினாலே போதும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஃப்ரெட் போட்டால் என்ன என்று கேட்பார்கள். நிக்கல் சில்வரைவிட அது ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கடினம், ஆகவே நிச்சயமாக அதிக நாள் வரும். பதிப்பவரின் அரமும் கையும் தேயும், கூலி கூடும். கம்பியை நிறைய இழுத்து வாசிப்பவருக்கு அந்தச் செலவு தகும். திறந்த கார்டுகளோடு நிற்பவருக்கு அது தேவையில்லை. அவர் கையின் பிடியைத் தளர்த்தினாலே ஃப்ரெட்டின் ஆயுள் அதைவிட அதிகமாகக் கூடும்.

உங்களிடம் கிட்டார் இருந்தால் இரண்டு காரியம் செய்யுங்கள். வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் கம்பிகளை மேலும் அடியிலும் துடையுங்கள். கறுத்த கம்பியை அறும்வரை வைத்திருக்காமல் மாற்றிவிடுங்கள். அடுத்த முறை கம்பி மாற்றும்போது, முதல் ஃப்ரெட்டில் இரண்டாம் கம்பி போகும் இடத்தை விளக்கில் பாருங்கள். ஃப்ரெட்டின் உயரத்தில் கால் பங்குக்கு மேல் பள்ளம் போயிருந்தால், இரைச்சல் வரும் வரை காத்திருக்க வேண்டாம், பழுது பார்ப்பவரிடம் கொண்டு போங்கள். அந்தக் கட்டத்தில் சீவி மட்டப்படுத்தினாலே சரியாகிவிடும்.